பிளஸ் டூவில் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மதுரைப் பக்கம் செலவு குறைந்த கல்லூரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர் வட்டாரத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் சேரத் தொடங்கிவிடும். 500க்கு மேல் வாங்கிய பிள்ளைகள் வருவதில்லை. அவர்களுக்கு வழி சொல்ல ஊரே இருக்கிறது. 600க்கு 230, 260, 310 என்று வாங்கியவர்கள்தான் அப்பாவையோ அத்தையையோ கூட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

260 மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் விண்ணப்பிப்பதே வீண் வேலை இல்லையா?

வீண் வேலை இல்லை. எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்ற பிள்ளை அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் தகுதி உள்ள பிள்ளைதான். விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக 50 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 2 ரூபாய் மட்டும். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரிகளைக் குறிப்பிடலாம். 50 ரூபாய் செலவழிக்க யோசித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து 50,000 ரூபாய்க்குக் கடன் வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

600க்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்து மனம் உடைந்து போகிறார்கள். அரசுக் கல்லூரியின் பொதுத் தரவரிசை 600க்குப் போடப்படுவதில்லை. தமிழையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டு, மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணுக்குப் போடப்படுகிறது. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்துத் தனிப் பட்டியல். ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்துத் தனிப் பட்டியல். மொத்தத்தில் பின்தங்கிய பிள்ளை இந்தப் பட்டியல்களில் ஒன்றில் முன்னால் நிற்கலாம்.

இன்னொன்று, முதல் கலந்தாய்வில் அழைப்பு வராவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் அரசுக் கல்லூரியில் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்துவிட்டு, பொறியியலோ செவிலியர் படிப்போ கிடைத்ததும் போய்விடுவார்கள். அந்த இடங்கள் இரண்டாம், மூன்றாம் கலந்தாய்வுக்கு வரும். குறைந்த மதிப்பெண்காரர்களின் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. மே மாதத்தில் பொறுமை இழந்து தனியாரிடம் பணம் கட்டியவர்கள் ஜூலையில் என்னிடம் வந்து, இப்போது இடம் இருக்கிறதாமே சார் என்று கேட்கும்போது எனக்குப் பேச்சே வராது.

மதுரையைச் சுற்றி எந்தெந்தக் கல்லூரிகளை எழுதலாம்?

பெண் பிள்ளைகளுக்கு முதலில் கோரிப்பாளையம் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி. நகரத்தின் நடுவில் இருப்பதால் அங்கே போட்டி அதிகம். அதை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. மேலூர் அரசு கலைக் கல்லூரி, நிலக்கோட்டை அரசு மகளிர் கலைக் கல்லூரி, சிவகங்கை மன்னர் துரைசிங்கம் அரசு கலைக் கல்லூரி, சிவகங்கை அரசு மகளிர் கல்லூரி, அருப்புக்கோட்டை அரசுக் கல்லூரி ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய்வர முடியும் என்றால் எழுதிவிடலாம். நகரத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக, அதே பாடத்துக்குக் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகும். இதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று எல்லாம் சேர்த்தும் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

இவை தவிர, அழகர்கோவில் சாலையில் மதுரை காமராஜர் பல்கலைக்கழகமே நடத்தும் கல்லூரி இருக்கிறது. அங்கே தனியாக விசாரிக்க வேண்டும்.

அவனுக்கு பி.காம். வேண்டுமாம். 260க்குக் கிடைக்குமா?

பி.காம்., கணினி அறிவியல், பி.சி.ஏ. மூன்றுக்கும் எல்லோரும் முட்டி மோதுகிறார்கள். 260ஐ வைத்துக்கொண்டு இவற்றை மட்டும் எழுதினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வரலாறு, பொருளாதாரம், தமிழ் இலக்கியம் போன்றவற்றையும் எழுதுங்கள். பிளஸ் டூவில் அந்த அறிவியல் பாடத்தைப் படித்திருந்தால் விலங்கியல், தாவரவியல், இயற்பியலில் இடம் கிடைப்பது எளிது.

வரலாறு படித்து என்ன செய்வான் என்று உடனே கேட்பார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 2 தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அது வணிகவியலா வரலாறா என்று பெரும்பாலான பதவிகளுக்குப் பார்ப்பதில்லை. அந்தத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். தமிழை ஊன்றிப் படித்தவனுக்கு அதுவே ஒரு பலம். தமிழோ ஆங்கிலமோ வரலாறோ படித்தவர் பிறகு பி.எட். முடித்து ஆசிரியராகலாம். தமிழில் 88 வாங்கி, மற்ற பாடங்களில் தட்டுத்தடுமாறித் தேறிய ஒரு பெண் என்னிடம் வந்தாள். அவளுடைய மாமா, தமிழ் படித்தால் யார் மதிப்பார்கள் என்று மூன்று முறை கேட்டார். அவள் தமிழ்த் தரவரிசையில் முதல் சுற்றிலேயே இடம் பெற்றாள். இப்போது எங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் அவள் பாடம் நடத்துவது பஸ் நிறுத்தம் வரை கேட்கிறது.

அரசு உதவிபெறும் கல்லூரி என்கிறார்கள், சுயநிதிப் பிரிவு என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பெற்றோர் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்கன் கல்லூரி, மதுரைக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, பாத்திமா, லேடி டோக், பசுமலை மன்னர் திருமலை நாயக்கர் கல்லூரி, பெருங்குடி சரஸ்வதி நாராயணன் கல்லூரி, சௌராஷ்டிரா கல்லூரி, யாதவர் கல்லூரி, வக்பு வாரியக் கல்லூரி, திருவேடகம் விவேகானந்த கல்லூரி, உசிலம்பட்டி பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி என்று மதுரை மாவட்டத்தில் அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை. இவற்றில் சில பாடப்பிரிவுகளின் ஆசிரியர்களுக்கு அரசே சம்பளம் கொடுக்கிறது. அந்தப் பிரிவில் சேரும் மாணவருக்குக் கட்டணம் மிகக் குறைவு. அதே வளாகத்தில், சில நேரம் அதே வகுப்பறையில், மாலை வேளையில் நடக்கும் பிரிவு சுயநிதிப் பிரிவாக இருக்கும். அங்கே ஆசிரியர் சம்பளம் முழுவதும் மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்து வர வேண்டும். கட்டணம் பல மடங்கு ஏறிவிடும்.

கல்லூரியின் பெயரும் பட்டமும் இரண்டுக்கும் ஒன்றே. "பெரிய கல்லூரியிலேயே இடம் கிடைத்துவிட்டது" என்று மகிழ்ந்து வந்தவரிடம் ரசீதை வாங்கிப் பார்த்தால் சுயநிதி என்று இருக்கும். ஆகவே அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த இடம் உதவிபெறும் பிரிவா, சுயநிதியா என்பதுதான். இரண்டாவது, மூன்று ஆண்டுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பது. முதல் பருவத்துக்கு மட்டும் ஒரு தொகையைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது, தேர்வுக் கட்டணம், சீருடை, பஸ் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கமா என்பது.

சுயநிதி என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. உதவிபெறும் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் நன்றாகப் பாடம் நடக்கும் துறைகள் உண்டு. குடும்பத்தால் கட்ட முடிந்தால் சேரலாம். ஆனால் அரசுக் கல்லூரிக்கும் உதவிபெறும் பிரிவுக்கும் விண்ணப்பித்துப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். இந்தக் கல்லூரிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஒருவர் இடம் முடித்துத் தருகிறேன் என்கிறார். நன்கொடை கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டு மனமே இல்லை. கல்வி நிறுவனங்கள் நன்கொடை வசூலிப்பதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. அரசுக் கல்லூரி இடத்தை எந்த இடைத்தரகராலும் முடித்துத் தர முடியாது. தரவரிசை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விவசாயி மஞ்சள் பையோடு வந்து அமர்ந்தார். பைக்குள் செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்ட 40,000 ரூபாய். கறவை மாடு ஒன்றை விற்ற பணம். மகனுக்கு மதிப்பெண் குறைவு என்பதால் "கூடக் கொடுத்தால்தான் எடுப்பார்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டே பேசினார். மகன் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. நல்ல வேளையாக நாள் கடந்திருக்கவில்லை. அன்று மாலையே விண்ணப்பம் போட்டோம். இரண்டாம் கலந்தாய்வில் பொருளாதாரம் கிடைத்தது. மதிப்பெண் குறைந்தால் பணம் கூடக் கட்ட வேண்டும் என்பது யாரோ கட்டிவிட்ட கதை. அந்தக் கதையை வைத்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்த மதிப்பெண் என்ற வெட்கத்தில் குடும்பம் யாரிடமும் விசாரிக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பயத்தில் தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டோம். இப்போது அரசுக் கல்லூரியில் அழைப்பு வந்திருக்கிறது. கட்டிய பணமும் சான்றிதழும் திரும்பக் கிடைக்குமா?

கேட்டுப் பெற வேண்டும், பெற முடியும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால், சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுக் கட்டணம்; அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம்; கடைசி நாளுக்குப் பிறகு 15 நாளுக்குள் 80; அதன் பின் 30 நாள் வரை 50 சதவீதம். 30 நாள் தாண்டினால் எதுவும் இல்லை. எனவே நாட்களை எண்ணிக்கொண்டு ஓடுங்கள். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

மூலச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு உரிமை இல்லை. என் தங்கை மகனுக்கே இது நடந்தது. ஒரு தனியார் கல்லூரியில், மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் என்று சொல்லிவிட்டார்கள். நான்கு நாள் அலைந்தோம். ஐந்தாம் நாள், மானியக் குழுவின் அறிவிப்பை அச்செடுத்து, புகார்க் கடிதத்தின் நகலோடு மேசையில் வைத்த பிறகு கொடுத்தார்கள். அந்த நான்கு நாளும் அவன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஒரு பாடத்தில் தேர்ச்சி இல்லை. இந்த ஆண்டு போய்விட்டதா?

போகவில்லை. துணைத் தேர்வு உடனே நடக்கும். அதில் தேறினால் காலியாக உள்ள இடங்களில் அதே ஆண்டு சேரலாம். இரண்டு மூன்று மதிப்பெண்ணில் தவறியிருந்தால் விடைத்தாள் நகல் வாங்கி, பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். ஆனால் அதை நம்பித் துணைத் தேர்வை விட்டுவிடக் கூடாது.

படிப்பில் மனம் ஒட்டாத பிள்ளை, கை வேலையில் ஆர்வம் உள்ள பிள்ளை என்றால் கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ.யை ஒரு முறை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான தொழிற்பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அரசு ஐ.டி.ஐ.யில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் முடித்தவர்களை நிறுவனங்கள் தேடி வந்து எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யைத் தண்டனை போலப் பேசும் பெரியவர்கள் அந்தப் பேச்சை நிறுத்த வேண்டும். கேட்டுக் கேட்டுப் பிள்ளையும் அப்படியே நம்பிவிடுகிறான்.

பாலிடெக்னிக்?

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துச் சேரலாம். உரிய பாடங்களோடு பிளஸ் டூ தேறியவரோ ஐ.டி.ஐ. முடித்தவரோ நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. மதுரையில் அரசின் தமிழ்நாடு பாலிடெக்னிக் கல்லூரியும், பெண்களுக்கென்று தனி அரசு பாலிடெக்னிக்கும் உள்ளன. பட்டயம் முடித்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம்.

பொறியியல்தான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறான்.

கணிதம், இயற்பியல், வேதியியல் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 45 சதவீதமும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் வாங்கியிருந்தால் கலந்தாய்வில் கலந்துகொள்ளலாம். கடைசிச் சுற்றிலும் துணைக் கலந்தாய்விலும் ஏராளமான இடங்கள் காலியாகவே இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கலந்தாய்வு வழியாக வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும் கற்பிப்புக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகைகள் கிடைக்காது. எனவே இடம் காலியாக இருக்கும் அதே கல்லூரிக்குக் கலந்தாய்வு வழியாகவே போங்கள்.

ஆனால் கணிதத்தில் 38 வாங்கிய பிள்ளையை நான்கு ஆண்டு பொறியியலில் தள்ளுவதற்கு முன்பு, அவன் உண்மையிலேயே விரும்புகிறானா என்று அப்பா இல்லாத நேரத்தில் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது பல பிள்ளைகள் இல்லை என்றே சொல்லியிருக்கிறார்கள்.

மாதம் 1,000 ரூபாய் திட்டத்துக்கு மதிப்பெண் வரம்பு உண்டா?

கிடையாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் பெறலாம். பட்டப்படிப்பு, பட்டயம், ஐ.டி.ஐ. எதுவானாலும் பணம் மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை பெற்றாலும் இது தடைபடாது. தொலைநிலைக் கல்விக்குப் பொருந்தாது. கல்லூரி வழியாகத்தான் பதிவு செய்ய வேண்டும், ஆகவே சேர்ந்த வாரத்திலேயே அலுவலகத்தில் கேளுங்கள்.

விடுதியும் பஸ் செலவும் கட்டுப்படி ஆகுமா?

பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகளும் கள்ளர் சீரமைப்புத் துறையும் நடத்தும் கல்லூரி விடுதிகளில் தங்குமிடமும் உணவும் இலவசம். குடும்ப வருமான வரம்பு உண்டு. 2025 ஜூலை முதல் இவற்றைச் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கிறார்கள். அரசுக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு அரசு பஸ்ஸில் கட்டணமில்லாப் பயண அட்டை கிடைக்கும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் எப்படியும் கட்டணம் இல்லை.

வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கட்டுமா?

வீட்டு நிலைமை அப்படி என்றால் படிக்கட்டும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல மையம் சிக்கந்தர் சாவடியில் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் ஆனாலும், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி அனுமதி உள்ளதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். பிளஸ் டூ இல்லாமலே நேரடியாகப் பட்டம் என்று யாராவது சொன்னால் விலகி வந்துவிடுங்கள். பத்து, பிளஸ் டூ அல்லது பட்டயம், அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்பதில்லை.

பாரா மெடிக்கல் படித்தால் உடனே வேலை என்கிறார்களே?

பட்டப்படிப்பு என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலில் மழுப்பல் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மாடியில் இரண்டு அறை, ஒரு எலும்புக்கூடு பொம்மை, சுவரில் வெள்ளைக் கோட்டுப் படங்கள் என்று நடக்கும் இடங்களில் இரண்டு ஆண்டைத் தொலைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இங்கிலீஷ் வராது. கல்லூரியில் தாக்குப்பிடிப்பாளா?

அரசுக் கல்லூரிகளில் பல பாடங்கள் தமிழ் வழியிலும் நடக்கின்றன. முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. தமிழ் வழியில் வந்த பிள்ளை, பெருமைக்காக ஆங்கில வழிக்கு மாறி அதை இழக்க வேண்டாம்.

விண்ணப்பிக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய எல்லாவற்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முடிவு வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் ஏப்ரலில் கூட்டம் இருக்காது.

கைபேசி எண்ணைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கணினி மையத்தில் விண்ணப்பிக்கும்போது அவசரத்தில் மையக்காரர் தன் எண்ணையோ மின்னஞ்சலையோ போட்டுவிடுவார். கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் எண்ணைக் கொடுத்திருந்தாள். அவன் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட வாரத்தில் கலந்தாய்வு அழைப்பு வந்து போய்விட்டது. வெள்ளிக்கிழமை கல்லூரி வாசலுக்குப் போனபோது பட்டியலில் அவள் பெயருக்கு நேராக "வரவில்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. மூன்றாம் கலந்தாய்வில் அதே கல்லூரியில் வேறு பாடத்தில்தான் அவளைச் சேர்க்க முடிந்தது.

வீட்டில் எப்போதும் இருக்கும் எண்ணைக் கொடுங்கள். விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் நோட்டில் எழுதிவையுங்கள். ஜூன் முழுக்க வாரம் ஒரு முறை கல்லூரி அறிவிப்புப் பலகையை நேரில் போய்ப் பாருங்கள்.